ஈரத்துணிக்குப் போகாத நீலம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய மூன்று டப்பாவும் கீழ்த்தளத்துத் தையல்கார அக்கா மூலம் பத்திரமாக வந்து சேர்ந்தன. முகத்துக்குப் பூசுகிற கிரீம் டப்பாவில் சாயத்தை அடைத்து அனுப்பத் தோன்றியதே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. குளியலறை அலமாரியில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கிரீம் யாருக்கு?" என்று கேட்டார். "குளிருக்குத் தோல் வெடிக்குது" என்றேன். மூடியைத் தொட்டார், திறக்கவில்லை.

மெழுகை இந்த முறை நன்றாகக் காய்ச்சியிருக்கிறாய். சோடா உப்பு கச்சிதம். தண்ணீர் விட்டதும் திரிதிரியாகாமல் பால்போலக் கரைகிறது. அவர் அலுவலகம் போனதும் சமையலறையில் பலகையும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு மொட்டைமாடி. அங்கே யாரோ தினமும் ஒரு நீலப் போர்வையைக் காயப்போடுகிறார்கள். அதைத்தான் வரைகிறேன். காற்றில் அது உப்பும்போது மடிப்புக்குள் ஒரு நிழல் விழுகிறது, அது இன்னும் என் கைக்கு அகப்படவில்லை. அவர் வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பலகையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் செருகிவிடுவேன். சூடு காட்டாதவரை நம் மெழுகுச் சாயம் தண்ணீருக்கு அடங்கிப்போகிறதே, அது எவ்வளவு பெரிய வசதி! ஊரில் உள்ள ஓவியர்களுக்கெல்லாம் படம் அழிந்துவிடுமோ என்று கவலை. எனக்குத் தலைகீழ்.

போன் செய்யாதே, தையல்கார அக்கா விலாசத்துக்கே எழுது. அழைப்பு வந்தால் யார், என்ன, ஏன் என்று உட்காரவைத்துக் கேட்பார். கத்தமாட்டார், அடிக்கமாட்டார். கேட்பார், அவ்வளவுதான்.

உன் வாலு

*

மார்ச் 12

அடி வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் வரைந்து தினமும் துடைக்கிறாயா? தேனீக்கள் பாடுபட்டுச் சேர்த்த மெழுகு, அதை நான் அடுப்படியில் நின்று கிளறிய கிளறல், எல்லாம் உன் வீட்டுச் சாக்கடைக்கா? உனக்கு நான் இனி சாயம் அனுப்ப மாட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுத மனம் வரவில்லை.

சரி, கேள். மே மாதம் எங்கள் ஓவியப் பட்டறையில் கண்காட்சி. தண்ணீர்மெழுகில் வரைகிற நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வைக்கிறோம். தாடிக்காரர் பத்துப் படம் தருகிறார். அவர் தாடியில் ஒட்டியிருக்கும் மெழுகை உருக்கினால் பதினொன்றாவது படத்துக்கும் ஆகும். சுவரில் உனக்கென்று ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறேன். அந்தப் போர்வையை அனுப்பு, போதும்.

சூடு காட்டாமல் அனுப்பினால் வழியில் ஒரு தூறல் பட்டாலே போய்விடும். பெரிய கருவியெல்லாம் வேண்டாம். சட்டை தேய்க்கிற இஸ்திரிப்பெட்டி போதும். குறைந்த சூடு வை. படத்தின்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அழுத்தாமல் தடவு. மெழுகு உருகி நிறத்தோடு பலகைக்குள் இறங்கிவிடும். அப்புறம் தண்ணீரால் அதை ஒன்றும் செய்யமுடியாது. பேப்பர் போட மறக்காதே.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

படம் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். "என்ன, வீடெல்லாம் தேன் வாசனை?" என்றார். "தேன் வாங்கினேன்" என்றேன். "எங்க, காட்டு." நல்லவேளை, அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பார்க்கிறேன், மூடியில் சீல்கூடப் பிரிக்கவில்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி என் கையில் கொடுத்து, "பத்திரமா வை" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். மறுநாள் காலை பிரியமாகப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்து, ஒவ்வொரு நகமாகப் பார்த்தார்.

அவர் என்னதான் செய்துவிடுவார் என்று நீ கேட்பாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதுதான் பயம். கல்யாணமான புதிதில் என் பிரஷ்களை எடுத்துப்போனார் இல்லையா, எங்கே போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "எந்த பிரஷ்?" என்கிறார். சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது, அப்படி எதுவும் என்னிடம் இருந்ததா என்று.

வாலு

*

மார்ச் 27

வாலு,

தேன் வாசனை அடித்தால் தலையா போய்விடும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உன் வீட்டுக்காரர் கொஞ்சம் நோண்டுகிற ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இப்படியா ஒடுங்குவது? பள்ளிக்கூடச் சுவரில் தலைமையாசிரியைக்கு மீசை வரைந்துவிட்டு, யார் என்று கேட்டபோது முதல் ஆளாய்க் கை தூக்கியவள் நீ. அந்தக் கை எங்கே போயிற்று?

ஒரு பகல் வேலைதான். ஜன்னலைத் திறந்துவை, வாசனை போய்விடும். உன் இடத்தைத் தாடிக்காரர் கேட்கிறார். நான் விடவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா, அக்கா, செய்துவிட்டேன்!

அந்த நிழல் நேற்று அகப்பட்டுவிட்டது. நீலத்துக்குள் துளி காவி கலந்தேன், மடிப்பு உள்ளே போய்விட்டது. வழக்கம்போலத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். துடைக்கக் கை போகவில்லை. இஸ்திரிப்பெட்டியை எடுத்தேன்.

பேப்பர் போட்டுத்தான் ஆரம்பித்தேன், திட்டாதே. அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே! பேப்பரை உருவிவிட்டு நேராகவே காட்டினேன். சாம்பல் பூத்துக் கிடந்த நீலம் கண்ணெதிரே ஈரமாகி, பளபளத்து, மறுபடி இறுகியது. ஆறிய பிறகு ஈரத்துணியால் ஓங்கித் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பலகை தையல்கார அக்காவிடம் இருக்கிறது, இன்றே பார்சலில் போடுகிறார். இஸ்திரிப்பெட்டியின் அடியை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு தடயம் இல்லை. தாடிக்காரரிடம் சொல், இடம் காலியில்லை என்று.

உன் வாலேதான்

*

ஏப்ரல் 12

அக்கா,

என்னைவிடப் பெரிய முட்டாள் உண்டா? சூடு பட்ட மெழுகு தண்ணீருக்குப் போகாது என்று படத்தில் பார்த்துக் குதித்தேன். அதே மெழுகு ஒட்டிய இஸ்திரிப்பெட்டியை ஈரத்துணியால் துடைத்துவைத்திருக்கிறேன். இத்தனை நாள் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, யோசிக்கவே இல்லை. ஆவி வருகிற துளைகளுக்குள் மெழுகு உறைந்து கிடந்திருக்கிறது. நேற்று அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். முன்பக்கத்தை மட்டும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. முதுகில் நீலக் கோடு. அதோடு அலுவலகம் முழுக்கச் சுற்றியிருக்கிறார். யாரோ சிரித்திருக்கிறார்கள்.

வந்ததும் சட்டையைக் கழற்றி மேஜைமேல் விரித்தார். "கழுவு" என்றார். கழுவினேன். போகவில்லை. "மறுபடி கழுவு." நாற்காலியைக் குழாயடிக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என் விரலெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது. கடைசியில் ரொம்பச் சாந்தமாக, "நான் இல்லாதப்போ இந்த வீட்ல வேற என்னெல்லாம் நடக்குது?" என்றார். நான் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தேன். "சரி, நானே தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

இன்று என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இதை நூலில் கட்டி ஜன்னல் வழியாகத் தையல்கார அக்காவுக்கு இறக்குகிறேன். படியில் யார் ஏறினாலும் எனக்குப் பல் கிட்டுகிறது. அக்கா, பயமாக இருக்கிறது.

வாலு

*

ஏப்ரல் 15

என் தங்கமே,

படமாவது, மண்ணாவது. பார்சல் வந்தது, இன்னும் பிரிக்கக்கூட இல்லை. ஒரு அடிகூட அடிக்காத மனிதரால் என்ன ஆபத்து என்று நினைத்துப் பழமொழி சொன்னேனே, என் வாயைத் தைக்கவேண்டும்.

இதைத் தையல்கார அக்கா உன் கையில் தரமாட்டார். மூடிய கதவுக்கு வெளியே நின்று படித்துக்காட்டிவிட்டுத் தானே வைத்துக்கொள்வார். வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், "சாவி எதுக்கு இருக்கு பின்னே?" என்றாராம். உன் வீட்டுக்காரர் எப்போது படியிறங்கினாலும் சரி, அவர்கள் இரண்டு பேரும் மேலே வருவார்கள். துணிமணி, நகை எதையும் தேடாதே. போட்டிருக்கிற உடையோடு கிளம்பு. பேருந்துக்கு ஆள் துணைக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடமும் பேசிவிட்டேன்.

பயம் தெளிந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருக்காதே. அது தெளியாது. பயந்துகொண்டே வா.

அக்கா

*

ஏப்ரல் 18

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். எனக்கு இங்கு எந்தக் குறையும் இல்லை. தாங்கள் எனக்கு எழுதிய பழைய கடிதங்களை என் கணவரிடம் நானே காட்டிவிட்டேன். நான் தங்களுக்கு எழுதியவை அனைத்தும் உடல்நலக் குறைவால் ஏற்பட்ட கற்பனைகள். ஓவியம் வரைவதை என் சொந்த விருப்பத்தின் பேரில் நிறுத்திவிட்டேன். என் கணவர் என்னை நல்லமுறையில் கவனித்துக்கொள்கிறார். தாங்கள் இங்கு வரவேண்டாம். இனி கடிதமும் வேண்டாம். நான் அனுப்பிய படத்தை எரித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

*

ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதிய கடிதம் இன்று காலை தபாலில் வந்தது. உறைமேல் விலாசம் உங்கள் கையெழுத்தில் இருந்தது. அதைப் பிரித்துப் படித்தவள் அவள்தான்.

நீங்கள் அதைத் தபாலில் சேர்க்கப் போன நேரத்தில் அவள் கிளம்பிவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். கதவு எப்படித் திறந்தது, யார் திறந்தார்கள் என்று கேட்பீர்கள். பதில் வராது. துணிச்சலாகக் கிளம்பினாள் என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். "வந்துடுவார், வந்துடுவார்" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அழைத்துவர வேண்டியிருந்தது.

இனி நீங்கள் பேசவேண்டியது வக்கீலம்மாவிடம். அவர் விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே வரவேண்டாம். இந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறோம், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அவளுடைய பயத்தைப் போக்கிவிட்டேன் என்று உங்களுக்கு எழுத ரொம்ப ஆசை. போகவில்லை. படத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், என் பேர் தெரிஞ்சிடும்" என்றாள். மாட்டவில்லை. யாராவது கதவைத் தட்டினால் இப்போது நானும்தான் நடுங்குகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவள் அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இதுக்கு நான் பதில் எழுதணுமாக்கா? எழுதலன்னா கோச்சுப்பாரே" என்றாள்.

நீ எழுத வேண்டாம், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அவளுடைய அக்கா