சீட்டில் இரண்டாம் பெயர்

போளூர்
25-6-1984

அன்புள்ள காந்தாவுக்கு,

நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். முழங்கால்களைத் தவிர மற்றவையெல்லாம் நலம். மலையில் மழை பிடித்துவிட்டதாகப் பஸ் கண்டக்டர் சொன்னார். விறகை உள்ளே எடுத்து வைத்துக்கொள்.

அமெரிக்கச் செய்திகளைக் கேட்கிறாயா? ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் ஜனநாயகக் கட்சிக்காரர், தன்னோடு துணை ஜனாதிபதியாக நிற்க ஆள் தேடுகிறார். ஒவ்வொருவரையும் தன் வீட்டுக்கே வரவழைத்துப் பேசுகிறார். கறுப்பின மேயர் ஒருவர் வந்துபோனார். அடுத்து சான் பிரான்சிஸ்கோவின் பெண் மேயர். பெண் பார்க்கும் சடங்கு போலிருக்கிறது என்று நம் ஓய்வூதியர் சங்கத்தில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. தாசில்தாராக இருந்தவனுக்கு ஆள் பொறுக்கத் தெரியும். எழுதி வைத்துக்கொள், அவர் ஒரு பெண்ணைத்தான் நிறுத்துவார்.

சங்கத்துக்கும் ஆகஸ்டில் தேர்தல். தலைவர் பதவிக்கு நான் நிற்கிறேன். எதிரில் தசரதன்.

உன்னிடம் ஒரு பந்தயம் கட்ட விரும்புகிறேன். அமெரிக்கர் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் நீ வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆணைத் தேர்ந்தெடுத்தால் இனி உன்னை அழைக்கவே மாட்டேன். பதினெட்டு வருடம் பிரிந்திருந்தது போதும் காந்தா. எனக்கு எழுபத்திரண்டு வயது. ரேடியோவில் ஒரு செய்தி கேட்டால் திரும்பிப் பார்த்துப் பேச ஆளில்லை.

அன்புடன்,
பஞ்சாட்சரம்


ஜமுனாமரத்தூர்
1-7-1984

போளூர்த் தாசில்தார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. விறகு உள்ளேதான் இருக்கிறது. பதினெட்டு மழைக்காலம் உங்கள் நினைவூட்டல் இல்லாமலே அது உள்ளே போயிருக்கிறது.

முதலில் அமெரிக்கா. அவர் பெண்ணை நிறுத்தமாட்டார். பல்கலைக்கழகத்தில் நான் படித்த அரசியலில் ஏதாவது மிச்சமிருக்கிறதென்றால் அது இதுதான்: வெல்ல முடியும் என்று நினைக்கிறவன் புதுமை செய்யமாட்டான், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தவன்தான் செய்வான். இவருக்கு இன்னும் நம்பிக்கை இருப்பதுபோல் தெரிகிறது. எதிரில் இருப்பவரோ நடிகராக இருந்தவர். நடிகரை எதிர்த்து நிற்கிறவர்களுக்கு என்ன நேரும் என்பதை நம் ஊரில் யாரையாவது கேட்டிருக்கலாம். பெண்களை வீட்டுக்கு வரவழைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கடைசியில் தென்பகுதிச் செனட்டர் ஒருவரோடு முடித்துக்கொள்வார்.

என் வீட்டுக்குச் சாமை புடைத்துத் தரும் செல்லியம்மாளும் ரேடியோ கேட்டாள். இந்த மலையில் பிறந்து இங்கேயே கொல்லையில் பயிர் வைத்துப் பிழைப்பவள். கேள்வி கேட்காமல் எதையும் விடமாட்டாள். இரண்டாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, முதல் ஆள் செத்தால் அந்த இடத்துக்கு வருவதற்காகக் காத்திருக்க வேண்டும் என்றேன். "அடப் போ டீச்சரம்மா, அது பொண்டாட்டிங்க பாக்குற வேலதான" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினாள்.

அடுத்து உங்கள் தேர்தல். நம் சங்கம் ஒரு விஷயத்தில் அமெரிக்காவைப்போல. தலைவருக்கும் உபதலைவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு, ஒரே வாக்கு. அங்கே இரண்டு பேரும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்தால் நல்லது என்பார்கள். இங்கே இரண்டு பேரும் போளூரில் குடியிருக்க வேண்டும் என்பது நம் சொந்தச் சேர்க்கை. உங்கள் சீட்டில் இரண்டாம் பெயர் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்காமலே ஆலோசனை சொல்கிறேன். புருஷன் செத்துக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை. நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற கெங்கம்மாளை நிறுத்துங்கள். உங்களுக்கு அவளைப் பிடிக்காது. தேர்தலில் அது ஒரு குறையல்ல.

கடைசியாகப் பந்தயம். சண்டை போட்டுப் பிரிந்தவர்களென்றால் சமாதானமாகலாம். நாம் மாற்றல் உத்தரவில் பிரிந்தவர்கள். உங்கள் வீட்டில் காலை முதல் மனுக்காரர்கள், கட்சிக்காரர்கள், அவர்களுக்குக் காப்பி. நான் இந்த மலைப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன்; ஓய்வு பெற்றதும் இறங்கி வரவில்லை, அவ்வளவுதான். நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது வா என்கிறீர்கள். பந்தயத்துக்குச் சம்மதம். தோற்கமாட்டேன் என்ற துணிச்சலில் சம்மதிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காந்தா


போளூர்
14-7-1984

அன்புள்ள காந்தாவுக்கு,

கேட்டிருப்பாய். நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன பெண் உறுப்பினர். இரண்டு பெரிய கட்சிகளில் எதுவும் இதற்குமுன் செய்யாத காரியம். சங்கத்தில் எல்லோருக்கும் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று கேட்டார்கள், சொல்லவில்லை.

உனக்காகக் கிழக்கு அறையைக் காலி செய்துவிட்டேன். எப்போது வருகிறாய் என்று ஒரு வரி போடு. இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் வசதி. பஸ் நிற்குமிடத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
பஞ்சாட்சரம்


ஜமுனாமரத்தூர்
18-7-1984

அன்புள்ளவருக்கு,

தோற்றேன். அவருக்கு நம்பிக்கை இருக்கிறதென்று தவறாகக் கணித்துவிட்டேன். அந்தப் பெண் மேடையில் நின்று பேசியதை இரைச்சலுக்கு நடுவே கொஞ்சம் கேட்டேன். நவம்பரில் தோற்றால் பழியில் பாதி அவள் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியாமலிருக்காது. தெரிந்தே நிற்கிறாள். பரவாயில்லை.

28-ஆம் தேதி, சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆடியில் குடிபோவதில்லை என்று உங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அறுபத்தாறு வயதில் எனக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். புத்தகங்களில் பாதியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். மீதியைச் செல்லியம்மாள் சாக்கில் கட்டினாள், கட்டிக்கொண்டே, "போய்ப் பாரு டீச்சரம்மா. ஒத்து வரலன்னா திரும்பி வந்துடு. எங்க ஜனத்துல இன்னாத்துக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள். உண்மைதான். புருஷன் வீட்டிலிருந்து எழுந்து வந்துவிட்ட பெண்ணை இங்கே யாரும் விசாரிப்பதில்லை. அவள் பாட்டுக்குக் கொல்லை வேலைக்குப் போகிறாள். படித்தவர்களாகிய நமக்கு அது இவ்வளவு காலமாகக் கைவரவில்லை.

நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்காதீர்கள். களைப்பாக இருக்கிறேன். களைப்போடு ஓர் இடத்தில் உட்கார வேண்டுமென்றால், அது நம்மை அறிந்தவர் இருக்கும் இடமாக இருக்கலாம் என்று தோன்றியது.

காந்தா


ஜமுனாமரத்தூர்
25-7-1984

போளூர்த் தாசில்தார் அவர்களுக்கு,

28-ஆம் தேதி பஸ் நிற்குமிடத்துக்கு வரவேண்டாம். நான் வரவில்லை.

பலாப்பழம் எடுக்கச் சந்தவாசலிலிருந்து லாரியோடு வரும் கோபால்சாமி நேற்று வந்தார். சாக்கு மூட்டைகளைப் பார்த்துவிட்டு, தானே ஏற்றிக்கொண்டு போய்ப் போளூரில் இறக்கித் தருவதாகச் சொன்னார். பிறகு கும்பிட்டு, "எங்க தொணைத் தலைவரம்மாவுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்டிங்க" என்றார். யார் துணைத் தலைவர் என்றேன்.

"இன்னாங்க இப்டிக் கேக்குறீங்க. எங்க அண்ணி பென்சன் வாங்குதில்ல, அண்ணியாண்ட அய்யாவே வந்து சொன்னாரு. டீச்சரம்மா மலய விட்டு வர்றாங்க, என்னோட அவங்களும் நிக்கிறாங்க, பொம்பளைங்க ஓட்டெல்லாம் ஒங்க ஓட்டுன்னாரு. வைகாசி மாசமே சொல்ட்டுப் போய்ட்டாரு."

வைகாசியில். பந்தயக் கடிதம் ஆனியில் வந்தது.

ஆக, உங்கள் சீட்டில் இரண்டாம் பெயர் யாருடையது என்று நான் கேட்டபோது அதில் என் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது. போளூரில் குடியிருக்க வேண்டும் என்ற விதியை நானே உங்களுக்கு எடுத்துச் சொன்னேன்; நீங்கள் அதைப் படித்துவிட்டு மாதக் கடைசிக்குள் வந்தால் வசதி என்று எழுதினீர்கள். அரசியல் படித்தவள் நான். சிரிப்பு வருகிறது.

அமெரிக்கரும் ஓட்டுக்காகத்தான் ஒரு பெண்ணைத் தேடினார். ஆனால் அவர் முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, பிறகு ஊருக்குச் சொன்னார். நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, என்னிடம் பந்தயம் கட்டினீர்கள்.

காந்தா


போளூர்
29-7-1984

அன்புள்ள காந்தாவுக்கு,

நேற்று பஸ்ஸுக்குப் போயிருந்தேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

மறுக்கவில்லை. தசரதனை ஜெயிக்கப் பெண்கள் ஓட்டு வேண்டும். உன்னைவிட மதிப்புள்ள பெயர் எனக்குக் கிடைக்காது. வீட்டுக்கு வா என்று மட்டும் கேட்டால் நீ சிரித்துத் தள்ளிவிடுவாய் என்ற பயம். வேலை இருக்கிறது வா என்று கேட்டாலோ, அதற்குத்தான் அழைக்கிறேன் என்பாய். பந்தயம் என்றால் நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அப்படி எழுதினேன்.

உன் பெயரை எடுத்துவிட்டேன். கெங்கம்மாளிடம் பேசியாயிற்று. ஆகஸ்டு 12 ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நீயும் உறுப்பினர், வந்து போடு. எனக்கு நீயும் வேண்டும், ஓட்டும் வேண்டும். இரண்டும் உண்மை. அதில் எது முதலில் என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஞ்சாட்சரம்


ஜமுனாமரத்தூர்
16-8-1984

சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வெற்றிக்கு வாழ்த்துகள். பெண்களின் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றதை நானும் அதே வரிசையில் நின்று பார்த்தேன். கெங்கம்மாள் ஒவ்வொருத்தியிடமும் எந்த மாதப் பணம் நிலுவை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நல்ல தேர்வு. நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அரசியலில் நான் இன்னும் மதிக்கும் ஒரே விஷயம் ரகசிய வாக்கு.

ஓட்டு எண்ணும் இடத்தில் நீங்கள் இருந்தபோது வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் சாவி கொடுத்தாள். "வந்துட்டீங்களாக்கா? இனிமே போவாதீங்க. ஒண்டியா அடுப்பப் பத்த வச்சிக்கினு கெடக்குறாரு" என்றாள்.

கிழக்கு அறையைப் பார்த்தேன். பழைய சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்திருக்கிறீர்கள். மூடிய அறையில் எனக்குத் தூக்கம் வராது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருப்பேன். புத்தக அலமாரியை இடுப்பளவுக்கு இறக்கி அடித்திருக்கிறீர்கள்; போன வருடம் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது கையைத் தூக்க முடியவில்லை என்று நான் எழுதியதை நினைவில் வைத்திருக்கிறீர்கள். அலமாரியாலும் ஜன்னலாலும் ஒரு ஓட்டும் வராது. அவை எனக்காகச் செய்தவை.

கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வெறும் தந்திரக்காரர் என்று தெரிந்திருந்தால் கோபத்தோடு மலையேறியிருப்பேன். கோபம் இருந்தால் கால் வலி தெரியாது. வெறும் அன்புக்காரர் என்றால் மூட்டைகளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். இரண்டும் உண்மை என்று நீங்கள் எழுதியதுதான் உண்மை என்று அந்த அறையில் தெரிந்தது. முப்பது வயதில் அதோடு குடித்தனம் செய்யலாம். நான் செய்தேன். இப்போது, காலையில் நீங்கள் அன்பாக ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு யார் வரப்போகிறார்கள், எதில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள் என்று யோசிக்க வேண்டும். யோசிப்பேன், நிறுத்த முடியாது. அதற்கான தெம்பு எனக்கில்லை.

அதனால்தான் நீங்கள் மாலையும் கழுத்துமாக வீடு திரும்புமுன் நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாவியை ஜெயம்மாளிடமே கொடுத்திருக்கிறேன். பந்தயத்தில் பாதியைச் செலுத்திவிட்டேன். மீதியை நீங்கள் தள்ளுபடி செய்ய வேண்டும். மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ பேருக்கு நிலவரி தள்ளுபடி செய்தவர்தானே நீங்கள்.

இனி என்னை அழைக்க வேண்டாம். இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன். அமெரிக்காவில் நவம்பரில்தான் ஓட்டு. அந்தப் பெண்ணின் கணவருடைய வரிக் கணக்கைப் பத்திரிகைகள் கிளறத் தொடங்கியிருக்கின்றன. கணவன் செய்ததற்கு அவளைக் கேள்வி கேட்கிறார்கள். அதைப்பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று எழுதுங்கள். பதில் போடுவேன்.

காந்தா