அம்மாவோடு காட்டுக்குப் போனவர்கள்

அக்கா,

உங்கள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகங்களில் மிஞ்சியவை என் கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு கிடக்கின்றன. இந்தக் குளிர் தேசத்து ஹீற்றர் சூட்டில் அச்சுமையின் மணம் அறையெல்லாம் நிற்கிறது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மீதி. வாங்கியவர்கள் எத்தனை பேர் படித்தார்களோ, தெரியாது. ஒருவர் படித்தார். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதில் வரும் குடும்ப வரலாற்றை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் காலத்தில், அப்பா செத்த ஆண்டே, அம்மா பெரியப்பா வீட்டுப் பின்னறையை விட்டுப் புறப்பட்டு வன்னிக் காட்டில் அரசாங்கம் கொடுத்த காணியை எடுத்ததை எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் உங்கள் மகன் அதைப் படித்தான்.

"மாமா, உதில ஒரு வரியை மாத்துங்கோ. தாயும் தகப்பனுமாப் போனவை எண்டு போடுங்கோ."

"அப்பா அதுக்கு முந்தியே செத்துப்போனாரே, தம்பி."

"எனக்குத் தெரியும். வாறவைக்குத் தெரியவேணுமே? என்ர மகளுக்குச் சம்பந்தம் பேசுறம். மில்லிக்கனில இருக்கிற மாப்பிள்ளை வீட்டு ஆக்களும் வருவினம். தனிப் பொம்பிளை காட்டுக்குப் போனா எண்டா, ஆரோட போனா எண்டுதான் முதல் கேப்பினம். இவ்வளவு படிச்சனீங்கள், ஒரு வரி மாத்தேலாதே?"

தலையாட்டிவிட்டுப் பென்சிலைத் தேடினேன். உங்களுக்குத் தெரியும், நான் எப்போதும் அப்படித்தான்.

அந்த முதல் விதைப்பு நினைவிருக்கிறதா? மழைக்கு முன் புழுதியில் விதைக்க வேண்டும். பயிர் காட்டாவிட்டால் காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். பக்கத்துக் காணிக்காரர் வரம்பில் வந்து நின்றார்.

"தங்கச்சி, தாலியறுத்த கை முதல் விதை போட்டா எங்கட வயலுக்கும் கூடாது. பொடியன்ர கையில குடு."

அம்மா ஓலைக் கடகத்திலிருந்து விதைநெல்லை அள்ளி என் கையில் தந்தார். எல்லோரும் பார்த்தார்கள். என் கை விரியவில்லை. இறுக்க இறுக்க நெல்முனை உள்ளங்கையில் குத்தியது. நீங்கள் குனிந்து என் காதில் சொன்னீர்கள்: "பயமெண்டாப் பயந்துகொண்டே போடடா."

நான் அழுதேன். அம்மா சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே ஒரு பிடி அள்ளி வீசினார்.

"மழை பிழைச்சா உன்னைத்தான் கேப்பம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் காணிக்காரர் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் உரத்துப் பேசவில்லை. முகில் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. நீங்கள் புழுதியைக் கிளறி விதை கருகிவிட்டதா என்று பார்ப்பீர்கள், அம்மா பார்க்கமாட்டார். மழை பிந்தித்தான் வந்தது. ஆனால் வந்தது.

ஸ்காபரோ பிளாசாவில் இருக்கும் அச்சகத்துக்கு நானே தாளைக் கொண்டுபோனேன். உங்கள் மகன் சொன்ன வரியைப் பென்சிலால் மேலே எழுதியிருந்தேன். அச்சகக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணை, ரெண்டிருக்கு. எதை அடிக்கிறது?"

அழிறப்பர் கேட்டு வாங்கி, பென்சில் வரியை அழித்துக் கொடுத்தேன். செய்தது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். ஒரு பிள்ளையின் கலியாணம் அல்லவா?

சாப்பாட்டன்று மில்லிக்கன் மாப்பிள்ளையின் தாய் புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். உங்கள் மகன் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழும்பி நேரே என்னிடம் வந்தார்.

"அங்கிள், இந்த அம்மாவோட காட்டுக்கு ஆர் போனது?"

அவன் பயந்த அதே கேள்வி. பக்கத்து மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன், அக்கா.

"ரெண்டு பிள்ளையள் போனதுகள். ஒண்டு நான். மற்றது அட்டைப்படத்தில இருக்கிறவ."

அவர் அட்டையைத் திருப்பி உங்கள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சம்பந்தம் நடக்குமா, தெரியாது. உங்கள் மகன் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

எனக்குப் பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன்.