பாதி மெமரி

மார்ச் 4, செவ்வாய்

லேப்டாப் திரும்பி வந்துவிட்டது. மூடியின் கீல் உடைந்து பத்து நாளாகச் சுவரில் சாய்த்து வைத்து வேலை பார்த்தேன். அண்ணன் தன் ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போய் இரண்டே நாளில் சரிசெய்து, அவனே கொண்டுவந்தும் கொடுத்தான். “பாத்தியாடி, கம்பெனிக்காரன்கூட இப்படிப் பண்ணித் தரமாட்டான்.” உண்மைதான். சத்தமே இல்லாமல் திறக்கிறது.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய் அவனுக்கு டீ போட்டாள். நான் கேட்டால் இடுப்பு வலி என்பாள். இருக்கட்டும்.

நாளையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வரைபடம்; வந்திருக்கும் அரைகுறை ஃபைல்களை நான் முழுசாக வரைந்து முடிக்கணும். ஐந்து மாடி. இஞ்சினியர் சார் இவ்வளவு பெரிய வேலையை என்னை நம்பித் தருவது இதுதான் முதல் தடவை. பதினெட்டாம் தேதி மாலைக்குள் கொடுக்கணும்.

மார்ச் 6

மூன்றாம் மாடியைத் திறந்ததும் திரை உறைந்துவிட்டது. அம்புக்குறி நகரவில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். ஒரு மணி நேர வேலை போச்சு.

மார்ச் 7

இன்று நான்கு தடவை.

மார்ச் 8

அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

“ரிப்பேருக்கு முன்னாடி இப்படி இல்லண்ணா.”

“கீலுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? நீ ஒரே நேரத்துல இருபது ஜன்னல் திறந்து வெச்சிருப்பே. இல்லன்னா வைரஸ்.”

இருபதெல்லாம் இல்லை. ஒன்றுதான். அதையும் சொன்னேன். “சரி சரி, கஸ்டமர் வந்திருக்காரு” என்று வைத்துவிட்டான். நானும் கஸ்டமராக இருந்திருந்தால் முழுசாகக் கேட்டிருப்பானோ?

மார்ச் 10

செய்து பார்த்தவை: சூடாகிறதோ என்று அடியில் இரண்டு புத்தகம் முட்டுக்கொடுத்தேன். பக்கத்து வீட்டில் சார்ஜர் கடன் வாங்கிப் பார்த்தேன். வைரஸ் தேடச் சொல்லி மூன்று மணி நேரம் ஓடவிட்டேன், ஒன்றும் இல்லை. இடம் போதவில்லையோ என்று அப்பாவின் படங்களைக்கூட வேறு இடத்துக்கு மாற்றினேன்.

சின்ன வரைபடம் என்றால் பிரமாதமாக ஓடுகிறது. பெரிசைத் திறந்தால்தான் படுத்துக்கொள்கிறது.

முதல் இரண்டு மாடிதான் முடிந்திருக்கிறது.

மார்ச் 11

கடைக்கே தூக்கிப் போனேன். அம்மாவைத் தனியாக விட்டுப் போவதற்கு ஒரு மணி நேரம்தான் கெடு. அண்ணன் ஒரு வீட்டு வரைபடத்தைத் திறந்து காட்டினான். ஓடியது.

“உன் கைல மட்டும்தான் மக்கர் பண்ணுது. பேய் கீய் புடிச்சிருக்கா?”

கவுண்டரில் நின்ற ஆள் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆஸ்பத்திரி வரைபடத்தைத் திறந்து பார் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை, மொத்தமாக அழித்து விண்டோஸை மறுபடி போட்டுத் தருகிறேன் என்றான். “எல்லாம் எடுத்து வெச்சிட்டுதானேண்ணா அழிப்பே?” “நான் என்ன நேத்து கடை திறந்தவனா?”

மார்ச் 12

அவன் எடுத்து வைத்தது படங்களையும் வரைபடங்களையும் மட்டும். எந்த வரைபடத்திலும் எடுத்து ஒட்டிக்கொள்ள ஆறு வருஷமாக நானே வரைந்து சேர்த்த கதவுகள், படிக்கட்டுகள், கழிப்பறைச் சாமான்கள், கட்டில்கள் — எதுவும் இல்லை. அது வேறு இடத்தில் இருந்ததாம். அவனுக்குத் தெரியாதாம்.

மத்தியானம் மூன்றாம் மாடியைத் திறந்தேன். உறைந்தது.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா வெளியிலிருந்து, “தண்ணிய வீணாக்காதே” என்றாள்.

மார்ச் 15, சனி

வரையும் சாஃப்ட்வேர்காரர்களின் உதவி எண்ணுக்கு இரண்டு நாளாக முயன்று இன்று கிடைத்தது. என் திரையைத் தன் இடத்திலிருந்தே பார்க்கிற வசதி அந்தப் பையனுக்கு — இல்லை, ஆளுக்கு, குரல்தான் சின்னது.

“மேடம், உங்க மெஷின்ல மெமரி எவ்வளவு?”

“பதினாறு ஜிபி.”

“எட்டுன்னுதான் காட்டுது.”

“இல்லைங்க, பதினாறு. இந்த வேலைக்குன்னே பாத்து வாங்கினது.”

“எட்டும் எட்டுமா ரெண்டு போட்டிருப்பாங்க, மேடம். இப்ப ஒண்ணுதான் இருக்கு, பெரிய வரைபடத்துக்கு அது பத்தாது. சமீபத்துல யாராவது திறந்தாங்களா?”

போனை மேஜைமேல் வைத்துவிட்டு லேப்டாப் வாங்கியபோது வந்த பெட்டியைத் தேடப் போனேன். லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றார்.

அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. அதில் அச்சடித்திருக்கிறது, பதினாறு. மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் அடிமூடியைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. உள்ளே இரண்டு இடம். ஒன்றில் பச்சைப் பட்டை. ஒன்று காலி.

கழன்று விழுந்திருக்குமோ? எங்கே விழும்? கிளிப்பை இரண்டு பக்கமும் விலக்கினால்தானே வரும்.

மார்ச் 16

கேட்டுவிட்டேன். கடையில் வைத்தேதான் கேட்டேன். ஆட்கள் இருந்தார்கள்.

முதலில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஒருத்தர் அவசரமா கேட்டாரு. கைல சரக்கு இல்ல. வந்ததும் உனக்குத் திருப்பி வெச்சிருப்பேன்டி” என்றான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உனக்கு எதுக்கு அவ்ளோ? வீட்டுல உக்காந்து கோடுதானே போடுறே. எட்டே தாராளம்னு நெனச்சேன்.”

கோடுதானே.

அவன் எடுத்ததைக்கூட விடலாம். நான் புத்தகத்தை முட்டுக்கொடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் சார்ஜருக்கு நின்றுகொண்டு, பேய் என்று அவன் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு — இத்தனை நாளும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எல்லாவற்றையும் அழித்தான். ஏண்டா? சும்மா எதையோ செய்த மாதிரி இருக்கணும் என்பதற்காகவா?

வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவுக்குப் போன் போய்விட்டது. “அண்ணன்தானே எடுத்தான், அடுத்த வீட்டுக்காரனா? நாலு பேர் முன்னாடி அவன் மானத்த வாங்கிட்டு வந்திருக்கியே.” என் மானம் எந்தக் கடையில் கிடக்கிறதோ, அதை யாரும் கேட்கவில்லை.

இந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆபீஸ் வேலையை விட்டேன். எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 18

இஞ்சினியர் சாருக்கு மூன்று மாடிதான் அனுப்ப முடிந்தது, அதிலும் மூன்றாவதைத் துண்டு துண்டாகப் பிரித்து. நடந்ததைச் சொன்னேன். அண்ணன் பெயர் வராமல், ‘ரிப்பேர் கடையில் ஒரு தவறு’ என்று சொன்னேன். ஏன் அவனைக் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பரவால்லம்மா, மீதிய வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

மார்ச் 19

ரெஸ்ட் எடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி வந்தாள். காகிதத்தில் பொதிந்து மெமரியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். புதுசு. வேறு கம்பெனி. “அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நீ வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம்” என்றாள். சரி அண்ணி என்றேன். அவள்மேல் என்ன தப்பு.

நானே பொருத்தினேன். சாய்த்துச் செருகி, மெல்ல அமுக்கினால் டிக்கென்று உட்காருகிறது. இரண்டு நிமிஷ வேலை. ஆஸ்பத்திரியின் ஐந்து மாடியையும் திறந்து பார்த்தேன். மேலும் கீழும் சுற்றினேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. யாருக்கும் தேவையில்லாத வரைபடம். அரை மணி நேரம் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 17

சார் வேலை அனுப்பினார். ஒரு காம்பவுண்டு சுவர். நான்கு கோடு.

மே 11

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான். பேச்சு நின்றுவிடவில்லை. வெயில், அம்மாவின் மாத்திரை, தண்ணீர் வருகிற நேரம் எல்லாம் பேசுகிறோம். கதவுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். இதுவரை பதினொன்று.

ஜூன் 9, திங்கள்

லேப்டாப் விசிறியில் கரகரவென்று சத்தம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடைக்குக் கொண்டுபோனேன். முன்பின் தெரியாதவர். என் எதிரிலேயே திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

யார் பார்த்தார்களோ, சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினான்.

“ஃபேன்தானே? கொண்டு வந்திருந்தா பத்து நிமிஷத்துல தொடச்சு விட்டிருப்பேனே. ஏன்டி அங்க போனே?”

“ஒண்ணுமில்லண்ணா. வேலையா இருப்பீங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்.”

இருப்பீங்க. உங்களுக்கு. வாயில் தானாக வந்துவிட்டது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவனை அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் கடையில் யாரோ எதற்கோ அவனைக் கூப்பிடுவது கேட்டது.

“சரிம்மா” என்றான். “வெச்சிடறேன்.”