தகரக் கூரைக்குக் கீழே அம்மா

அன்புள்ள அத்தா,

உங்கள் பர்வீனின் ஸலாம். கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் வேண்டவே வேண்டாம் என்ற தகர ஷீட்டைத்தான் நம் பாகலூர் வீட்டுக்குப் போட்டுவிட்டோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும் உங்களுக்கு மழைச் சத்தம் ஆகாது என்று, பழைய சிமெண்ட் ஷீட்டின் விரிசலுக்கெல்லாம் இத்தனை வருடம் தார் பூசிக்கொண்டிருந்தோம். இப்போது யார் தூக்கம் கெடப்போகிறது?

அம்மா இன்னும் இத்தாவில்தான் இருக்கிறார். உங்களுக்காகத் துக்கம் காத்து, வாசற்படி தாண்டாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிறார். கோடை மழையில் ஹால் கூரை உடைந்து, அவர் தொழும் பாய்வரை நனைந்துவிட்டது. வேலை முடியும்வரை பக்கத்து வீட்டில் இருக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அவரு இருந்த வூட்லதான் இருப்பேன். கூரை பேந்தாலும் சரி" என்றார். அந்தப் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

அம்மா சமையலறையில் உட்கார்ந்துகொண்டார். அவர் மறைவாக இருக்கட்டும் என்று அதன் மேலிருந்த பழைய ஷீட்டைக் கடைசியாக எடுக்கச் சொன்னோம். ஷீட் போட வந்த ஃபிட்டர் நாகராஜுக்கு அது பிடிக்கவில்லை. "சமையக்கட்டுப் பக்கமிருந்துதான்க்கா ஆரம்பிக்கணும். இப்படிப் போட்டா எதிர்க்காத்து ஷீட்டுக்கு அடியில பூந்துக்கும்" என்றார். ஆனாலும் அம்மாவுக்காக ஒத்துக்கொண்டார்.

மத்தியானமே வானம் கறுத்தது. ஹாலின் கடைசி ஷீட்டுக்கு ஒரு பக்கம்தான் ஸ்க்ரூ ஏறியிருந்தது, காற்று வந்துவிட்டது. மறுபக்கம் எழும்பி நாகராஜைத் தள்ளிவிட்டது. இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார். ஷீட் பறக்காமலிருக்க அதன் நுனியில் கட்டிய கயிறு, கீழே தெருவில் நின்ற என் கையில் இருந்தது. விட்டால் தகரம் அவர் மேல்தான் மடங்கி விழும். அவருடைய கூட்டாளி ஏணிக்கு ஓடினார். என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு கயிறு நழுவியது.

"வுட்றாதக்கா, வுட்றாத" என்று மேலிருந்து கத்தினார் நாகராஜ்.

எனக்குப் பின்னால் இரண்டு கைகள் வந்து கயிற்றைப் பிடித்தன. திரும்பினால் அம்மா. முக்காடு நழுவி, தலை நனைந்து, தெருவே பார்க்க நின்றார். "கால நல்லா ஊணு" என்றார். நாகராஜ் ஏணியில் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை அவர் பிடி தளரவில்லை.

மறுநாள் சமையலறைக்கும் போட்டு வேலையை முடித்தார்கள். சாயங்காலம் புதுக் கூரையில் மழை கொட்டியது. நீங்கள் சொன்னது சரிதான், அந்தச் சத்தத்தில் பேசவே முடியவில்லை. அம்மா என் காதருகே வந்து கேட்டார்: "படி தாண்டிட்டேனே பர்வீன், அவரு கோச்சுக்குவாரா?"

"அத்தா இருந்திருந்தா நமக்கு முன்னாடி கயித்தப் புடிச்சிருப்பாரும்மா" என்றேன். நம்பினாரோ இல்லையோ, அழுதார். உங்களுக்குக் கோபம் இல்லைதானே அத்தா?

இத்தா முடிந்தாலும் நான் இங்கேதான் இருப்பேன். மழை பெய்தால் அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் என் பாயும் இருக்கும். அந்தச் சத்தத்தை அவர் தனியாகக் கேட்க விடமாட்டேன்.

கையில் இன்னும் கயிற்றுத் தழும்போடு,
உங்கள் மூத்த மகள்
பர்வீன்