நான் வெட்டிய பெயர்

இன்று காலை பத்திரிகையில் உன் மரண அறிவித்தலைப் பார்த்தேன். படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அந்தச் சிரிப்பு உன்னுடையதுதான். கொட்டாஞ்சேனையை வதிவிடமாகக் கொண்டவர் என்று போட்டிருந்தார்கள். என் கண் தேடியதோ உன் பிறப்பிடத்தை. ஊர்ப் பெயரோடு ஊருக்குள் எந்தக் குறிச்சி என்றும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். நீ இறந்த பிறகும் நான் உன்னை விடவில்லை.

நாம் ஒரே கந்தோரில் வேலை செய்த நாட்களில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நீ வாடகைக்கு இருந்தாய். சண்டைக்காலம் அது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொலிஸில் பதிய வேண்டும். பதிவில்லாத தமிழரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் பட்டியலில் ஐந்தாவதாக உன் பெயரை எழுதியது நான்தான். காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு வெயிலில் நிற்கும்போது நான் பொருமுவேன், நீ சிரிப்பாய். "அவங்களுக்கு நீயும் நானும் ஒண்டுதானடி. எனக்கு அது ஒரு ஆறுதல்" என்று ஒருநாள் சொன்னாய். எனக்கு அப்போது விளங்கவில்லை.

அம்மாவுக்கு நாம் ஒன்றில்லை. ஊரில் எவடம், எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று உன்னைத் துருவித் துருவிக் கேட்பார். டவுனுக்குப் பக்கம் என்று நீ மழுப்புவாய். ஊரிலிருந்து வந்த மாமா, உன் தகப்பன் பெயரைக் கேட்டவுடனேயே உங்கள் சாதியைச் சொல்லிவிட்டார். அன்றைக்கே உன்னை அனுப்பச் சொன்னார் அம்மா. சொந்தக்காரர் வருகிறார்கள், அறை வேண்டும் என்று உன்னிடம் பொய் சொன்னது நான். நீ உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாய். ஒரேயொரு உதவிதான் கேட்டாய்.

"வேற வீடு கிடைக்குமட்டும் என்ர பேரை வெட்டாதையடி."

ஓம் என்றேன். அடுத்த கிழமையே அம்மா பேனையைக் கொண்டுவந்து தந்தார். உன் பெயரைக் கோடிழுத்து வெட்டிப் பொலிஸில் கொடுத்துவிட்டு வந்தேன். கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் ஒண்டியிருந்த உன்னை, எங்கும் பதிவில்லை என்று பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கேள்விப்பட்ட அம்மா, "தமிழராப் பிறந்தா இதுதான் கதி" என்று கண்ணைத் துடைத்தார். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு கந்தோரில் நீ என்னோடு கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை. கொட்டாஞ்சேனை ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. இத்தனை வருஷத்தில் ஒருநாள் வந்திருக்கலாம்.

அம்மாவும் போய்விட்டார். வீடு இப்போது என்னுடையது. போன மாதம் ஒரு பிள்ளை அந்த முன்னறையைக் கேட்டு வந்தாள். கையில் பெரிய பை, முகமெல்லாம் வியர்வை. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"ஊரில எவடம், பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் பெயரை அதற்குப் பிறகுதான் கேட்டேன்.