படகு பார்க்கப் போன நாள்

மார்ச் 8, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கத் துடிக்கும் பழைய பாய்மரப் படகில் இன்று கடலுக்குப் போனோம். விற்கும் காதர் அண்ணன் அதைப் பலகை பலகையாகப் பிரித்துச் சீர்செய்து, புது இன்ஜினும் சோலார் தகடும் ஆழம் காட்டும் கருவியும் பொருத்தியிருக்கிறார். அழகான படகு. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜெரெஜாக் தீவைத் தாண்டும்போது சுக்கான் இவர் கையில் இருந்தது. திடீரென்று அந்தக் கருவி கீச்சுக் கீச்சென்று கத்தியது. அடியில் தரை நெருங்குகிறது என்று எனக்கே புரிந்தது. இவரோ பாயை அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி நேராக ஓட்டிக்கொண்டிருந்தார். காதர் அண்ணன் பாய்ந்து வந்து சுக்கானைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

இவர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கீச்சுனு வர்ற சத்தம் எதுவும் கேக்கறதில்ல. டாக்டர்கிட்ட போயாச்சு லா. போகப் போக இன்னும் கொறையும்னாரு. அதான் இந்த வருசமே வாங்கணும்னு நிக்கிறேன்."

"தனியாவா கடலுக்குப் போவீங்க?"

"நீ வருவேன்னு நெனச்சேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. அது இவருக்கும் தெரியும். டாக்டரிடம் போனதை ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போடத்தான் நினைத்தேன். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். காலையில் காதர் அண்ணன் பதில் கேட்டுப் போன் செய்வார், அந்த மணிச் சத்தமும் இவருக்குக் கேட்காது, நான்தான் எடுக்க வேண்டும். சரி என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.