ஆமைத் தடத்தைப் பெருக்கியது

ஜூன் 14, சனி. மெர்சிங், மலேசியா.

செல்வத்தின் முகத்தை நினைத்தால் எனக்கு வருவது பயமா, வெறுப்பா என்று தெரியவில்லை.

காலையில் கரையில் ஆமை ஏறி இறங்கிய தடம் இருந்தது. முட்டை எடுப்பவர்கள் அந்தத் தடத்தைப் பின்பற்றித்தான் முட்டைக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். அதனால் வழக்கம்போல் ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கி அதை அழித்தேன். மதியம் போய்ப் பார்த்தால் குழி காலி.

நேரே படகுத்துறைக்குப் போனேன். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செல்வம் என்னைக் கண்டும் முட்டை வாளியைக்கூட மறைக்கவில்லை.

"என்ன அங்கிள், கோயில் வாசல் மாதிரி கூட்டி வச்சிருக்கீங்க. நீங்க கூட்டுற எடத்துலதான் முட்டை இருக்கு. நாளைக்கும் கூட்டுங்க லா, எனக்கு வேலை மிச்சம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இத்தனை நாளும் மணலைக் கோடு கோடாக, ஓரம் பிசகாமல் பெருக்கியிருக்கிறேன். பாறைப் பக்கம் இருக்கும் இன்னொரு குழியும் அப்படித்தான் கிடந்தது. அதை அவன் இன்னும் பார்க்கவில்லை.

மாலையில் போய் பெருக்கிய கோடு தெரியாதபடி அந்தக் குழியின் மேல்மணலைக் காலால் கலைத்துவிட்டேன். பிறகு கரை நெடுக வேறு பல இடங்களை மிக ஒழுங்காகப் பெருக்கிவைத்தேன். ஒன்றின் கீழும் முட்டை இல்லை. நாளை தோண்டட்டும். இடுப்பு ஒடியத் தோண்டட்டும்.

ஆனால் ஏமாந்த கோபத்தோடு நேரே என் வீட்டுக்குத்தான் வருவான். பின்கதவைத் தாழிட்டேனா என்று எழுந்து பார்க்க வேண்டும்.